கடைசியில் முறுக்க வேண்டிய நட்டு

"மாவு பிசையற கைக்கு மாவுதான் தெரியும். ஸ்பேனரைக் கீழ வை!"

கத்தியவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அவர் மடியில் கிடந்தது. திட்டு வாங்கியவள் காரின் முன்பக்கத்துக்கு அடியில், கோணிச் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரி அவருடைய மனைவி.

"நானா சொல்றேன்? ஸ்பேர் கடைக்காரர் சொன்னார். உள்பக்கம் இருக்கிற ரெண்டு நட்டையும் இப்போ முறுக்காதீங்க, சும்மா கையால திருகி விடுங்க, வண்டியோட எடை சக்கரத்து மேல விழுந்ததுக்கு அப்புறம் முறுக்குங்கன்னு. மண்டையில ஏறணும்னு ரெண்டு தடவை சொன்னார்."

"அவன் சாமான் விக்கிறவன். அவன் வந்து எனக்கு முறுக்கக் கத்துக்குடுக்கிறானா? ஆயுசு பூரா முறுக்கினவன்டி நான்!"

"சரி. வெச்சாச்சு." ஸ்பேனர் தரையில் விழுந்து ணங்கென்றது. "நீங்களே வந்து முறுக்குங்க. எந்தக் கையால முறுக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது. பக்கத்து வீட்டு டெய்லர் நல்ல மனுஷன்தான். ஆனால் காது மட்டும் எப்போதும் மதில் மேலேயே இருக்கும். அந்தக் காதுக்குக்கூட இது அதிகமாகப் பட்டிருக்க வேண்டும்.

முக்காலியில் இருந்தவர் இடது கையால் வலது கையைத் தூக்கி, மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார். அடியில் படுத்திருந்தவளுக்கு அவருடைய செருப்பும் கணுக்காலும் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கால் லேசாக ஆடியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவருக்கு இறுக்கி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஊருக்குத் தண்ணீர் விடுகிற அலுவலகத்தில் குழாய் பொருத்துகிற வேலை. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். அவர் ஒரு நட்டை முறுக்கினால் அதைத் திரும்பக் கழற்ற வெட்டுகிற மிஷின்தான் வர வேண்டும். "இறுக்கி கை வெச்சுட்டாரா? அப்போ அந்தக் குழாயை மறந்துடு, நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துல பாத்துக்கலாம்" என்று மேஸ்திரியே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அவள் டீ போடப் போனாள். சர்க்கரை டப்பா திறக்கவில்லை. டீத்தூள் டப்பாவும் திறக்கவில்லை. புது மருமகள் சமையலறையில் உட்கார்ந்து டப்பாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த மாமியார், "அதை விடும்மா. அவன் சாயங்காலம் வந்து திறந்து குடுப்பான். இந்த வீட்ல நாங்க அப்படித்தான் டீ குடிக்கறோம்" என்றாள். மாமியாருக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போனதற்கு, அவள் அந்த டப்பாவைக் கதவிடுக்கில் வைத்துத் திறந்து காட்டியதுதான் காரணம். குழாய்களில் வாஷர் மாற்றி மாற்றியே சம்பளத்தில் பாதி போயிற்று. குளியலறைக் குழாயை மூட வேண்டுமென்றால் அவள் அவரைக் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் மறுநாள் குளிக்க முடியாது.

"ஏங்க இப்படி உயிரை வாங்கறீங்க? மூடி மேல என்ன பகை?" என்று ஒருநாள் கேட்டாள். அப்போதுதான் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு கேட்டபோதெல்லாம் எழுந்து போய்விடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பெரிய குழாய் ஒன்றுக்குப் பள்ளம் வெட்டி இணைப்புப் போட்டார்கள். கூட இருந்தவன், கடைசி நட்டுகளை முழுசாக முறுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு முறுக்கிக்கொள்ளலாம் என்று கையால் திருகி விட்டான். அந்த நேரம் பார்த்து அங்கே எவனோ வால்வைத் திறந்துவிட்டான். இணைப்பு பிய்த்துக்கொண்டது. பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அவன் மேலே வரவில்லை. மண்ணும் தண்ணீருமாக அவனை எடுக்கச் சாயங்காலம் ஆயிற்று. இறுக்கிதான் காலைப் பிடித்து இழுத்தார்.

"தண்ணி விடறதுக்கு முன்னாடி முறுக்கணும். அப்புறம்ங்கற பேச்சே கிடையாது" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் டப்பா மூடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கதவிடுக்கு இருக்கவே இருந்தது.

அவளுக்கு வேலை ரொட்டிக் கடையில். தெருவில் எல்லோரும் ரொட்டிக்காரம்மா என்பார்கள். மூட்டை மூட்டையாக மாவு பிசைகிற வேலை. மிஷின் உண்டு. ஆனால் மிஷின் பாதி நாள் சண்டித்தனம் பண்ணும். அவளுடைய மணிக்கட்டுதான் கடையை ஓட்டியது. விடிகிறதுக்கு முன்னாலேயே அடுப்பு பற்ற வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அதற்காகவே இறுக்கி ஒரு பழைய கார் வாங்கினார். தினமும் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, திரும்பப் படுக்காமல், காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். குழாய்க்காரர் கார் வேலை கற்றுக்கொண்டது அப்படித்தான். யாரையும் கேட்க மாட்டார். கழற்றிப் பார்ப்பார், மாட்டிப் பார்ப்பார். கேட்டால் கௌரவம் போய்விடுமாம்.

பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நடை கொஞ்சம் மிச்சம் இருந்தது, பேச்சு முழுசாக இருந்தது, வலது கை மட்டும் போயே போய்விட்டது.

"கையைத்தான் எடுத்துக்கிச்சு. அந்த வாயை எடுத்திருந்தா தெருவே விளக்கேத்தியிருக்கும்" என்றார் டெய்லர், மதில் மேல் எட்டிப் பார்த்தபடி.

"உன் வாயைத் தைக்க ஒரு நூல் வாங்கிட்டு வரச் சொல்றேன் இரு" என்றார் இறுக்கி. வீட்டுக்கு வந்தபின் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவருடைய ஓய்வூதியம் மருந்துக்கே சரியாகப் போயிற்று. சோறு போடுவது ரொட்டிக் கடை. ரொட்டிக் கடைக்குப் போக வேண்டுமென்றால் கார் வேண்டும். அதனால் தலை நரைத்த பிறகு அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கற்றுக்கொடுத்தது அவர்தான். கற்றுக்கொடுத்தது என்றா சொல்வது? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அலறினார். "பிரேக்கு! பிரேக்குடி! அது பிரேக்கு இல்லை, அது கிளட்ச்சு! நாய் தப்பிச்சுது, போ!" அவளும் விடவில்லை. "கத்தினீங்கன்னா இங்கேயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன், நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வாங்க" என்றாள். எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ரொட்டிக் கடை முதலாளி மட்டும் அவள் பிந்தி வந்த நாட்களை மனசில் வைத்திருந்தார். "அம்மா, இனிமே ஒருதரம் அடுப்பு பிந்தினா எனக்கு வேற வழியில்லை. வேற ஆள் பாத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. வியாபாரம்.

இந்த நிலைமையில்தான் கார் சத்தம் போட ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடப்பக்கம் முன்னால் டொக். பள்ளத்தில் விழுந்தால் டொக் டொக். நேராகப் போகச் சொன்னால் இடப்பக்கம் இழுத்தது. இறுக்கி இடது கையை வண்டித் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி இருந்தது.

"லோயர் ஆர்ம் போச்சு" என்றார்.

லோயர் ஆர்ம் என்பது முன் சக்கரத்தை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருக்கிற வளைந்த இரும்பு. ஒரு முனையில் உருண்டை மூட்டு, அது சக்கரத்தோடு சேரும். மறுமுனையில் ரப்பர் புஷ் இரண்டு, அவை வண்டிச் சட்டத்தோடு சேரும். ரப்பர் கிழிந்தால் சத்தம். மூட்டு கழன்றால் சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

வெளியூரில் இருந்த மகன் போனில், "மெக்கானிக்கிட்ட விடும்மா, எதுக்கு வம்பு?" என்றான். மெக்கானிக் வாரக் கடைசி வரை வண்டி வேண்டும் என்றார். வாரக் கடைசி வரை அடுப்பு காத்திருக்குமா? அதைவிட, வேறொருத்தன் தன் வண்டிக்கு அடியில் படுப்பதை இறுக்கியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டில் அவரால் இனிமேல் ஆகிற காரியம் என்று மிச்சம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் ரொட்டிக் கடை விடுமுறை நாளில், "நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்று சாக்கை எடுத்து விரித்தாள்.

முந்தின நாளே அவள் ஸ்பேர் கடைக்குப் போய் ஆர்ம் வாங்கி வந்திருந்தாள். இரண்டாயிரத்து எண்ணூறு என்றார் கடைக்காரர், எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்கு ஒரு பாட்டு.

"கேட்டதை அப்படியே தூக்கிக் குடுத்துட்டு வந்தியா? ஒரு வார்த்தை குறைச்சுக் கேக்கக் கூடாதா? நான் போயிருந்தா முந்நூறு ரூபாயாவது அடிச்சுப் பேசியிருப்பேன்."

"போயிருக்கலாமே."

இப்படி முந்தின நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்து வைத்த மாவுதான் காருக்கு அடியில் அன்றைக்குப் பொங்கியது.

வேலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. வண்டி தரையில் இருக்கும்போதே சக்கர நட்டுகளைத் தளர்த்தினாள். ஜாக்கி வைத்துத் தூக்கினாள். சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டை நிறுத்தினாள். "ஜாக்கியை நம்பிப் படுக்காதே" என்று அவர் சொல்லி, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளி வைக்கச் சொன்னார். ஏதாவது சரிந்தாலும் அவள் மேல் விழாதாம். மூட்டைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினாள். மூட்டு வரவில்லை. துரு. சுத்தியலால் பக்கவாட்டில் அடிக்கச் சொன்னார். அடித்தாள். கடப்பாரையை விட்டு நெம்பச் சொன்னார். நெம்பினாள். மூட்டு ஒரு முனகலோடு வெளியே வந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெய்லர் கை தட்டினார்.

உள்பக்கத்து நட்டுகளைக் கழற்றத்தான் பெரும்பாடு பட்டாள். "எந்தப் பாவி இவ்வளவு இறுக்கினான்?" என்று அடியிலிருந்து கேட்டாள். அந்தப் பாவி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

புது ஆர்மைப் பொருத்தினாள். நட்டுகளைக் கையால் திருகி விட்டாள். அப்போதுதான், "இப்பவே முறுக்கு" என்றார் அவர். "கடைக்காரர் சொன்னாரே" என்றாள் அவள். அதன் பிறகு வந்ததுதான் மாவும் கையும்.

அவளுக்கு அந்தக் கணுக்கால் ஆடியதைப் பார்த்தபின் தெம்பு போய்விட்டது. சொன்னது சொன்னதுதான், வாயிலிருந்து போனதைத் திருகி எடுக்க ஸ்பேனர் கிடையாது. கீழே கிடந்த ஸ்பேனரைத் திரும்ப எடுத்தாள்.

"எவ்வளவு முறுக்கணும்? சொல்லுங்க."

"இன்னும்" என்றார்.

முறுக்கினாள்.

"இன்னும்."

மணிக்கட்டு நடுங்கும்வரை முறுக்கினாள். சக்கரம் மாட்டுகிற அச்சு காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து இருந்தது. அந்தச் சாய்விலேயே ரப்பரை இரும்போடு கட்டிப் போட்டாகிவிட்டது. பிறகு வண்டியை இறக்கினால் ஆர்ம் மேலே வரும், கட்டிப் போட்ட ரப்பர் முறுகும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும். அதற்காகத்தான் கடைக்காரர் அப்படிச் சொன்னார். ஆனால் குழாயில் தண்ணீர் விட்ட பிறகு முறுக்கினால் பள்ளத்தில் இருக்கிறவன் செத்துப்போவான். அவர் படித்த ஒரே பாடம் அது. அந்தப் பாடத்தை அவரிடமிருந்து யார் பிடுங்குவது?

மாலைக்குள் முடிந்தது. சக்கரம் நேராக நிற்கிறதா என்று சரிபார்க்கிற இடத்துக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய்வந்தாள். சத்தமில்லை. இழுப்பில்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர் வேகத்தடை வரும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார். வீடு வந்து சேர்ந்ததும், "மாவு பிசையற கை பரவாயில்லை" என்றார். வாழ்நாளில் அவர் அவளுக்குக் கொடுத்த மெடல் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் மாறினார். ரொட்டிக் கடையிலிருந்து வரும்போது ஒரு உருண்டை மாவு கொண்டுவரச் சொன்னார். மிச்சம் மீதி வழித்தெடுத்ததுதான், முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். அதை வலது கையில் வைத்து, இடது கையால் விரல்களை மடக்கி, பிசைந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தைத் தூக்கி மூலையில் போட்டவர் இவர்தான். "என்ன திடீர்னு?" என்றாள். "சும்மா. பொழுது போகணுமே" என்றார். நாள் முழுக்கப் பிசைவார். சாயங்காலம் அந்த மாவு அழுக்காகி, கருத்து, தொட்டால் ஒட்டும். மறுநாள் புது உருண்டை.

அவருடைய வலது கை போன பிறகு வீட்டு டப்பாக்களெல்லாம் தொட்டால் திறந்துகொண்டன. இடது கையால் அவர் மூடிவைத்த மூடி, மூடிய மாதிரிதான் இருக்கும். அதைத் திறக்கும்போதெல்லாம் அவள் பொய் சொன்னாள். அவர் காதில் விழுகிற மாதிரி முக்கி முனகி, "என்னங்க இது, இப்படி மூடி வெச்சிருக்கீங்க? திறக்கவே வரல" என்பாள். அவர் நிமிர்ந்து உட்கார்வார்.

மழைக்காலம் வந்து ரோடெல்லாம் பள்ளமானபோது, ஒரு காலையில் ரொட்டிக் கடைக்குப் போகும் வழியில் அந்தச் சத்தம் திரும்ப வந்தது. டொக்.

கடைக்காரர் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? நீங்கள் முறுக்கச் சொன்னது தப்பு, அது கிழிந்துவிட்டது என்றா? அந்த மனுஷன் நிமிர்ந்து உட்காருவதே இப்போதுதான். போகிறவரை போகட்டும் என்று விட்டாள். வேகத்தடைகளில் மெல்ல ஏறினாள், மெல்ல இறங்கினாள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாட்களில் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

அவர் ரேடியோவைக் குறைக்கச் சொல்லவே இல்லை. எந்த வீட்டில் ரேடியோ பாடினாலும் "நிறுத்துங்கடா" என்று கத்துகிற மனுஷன், டொக் டொக்கென்று சத்தம் வர வர, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டுக் கேட்டார். அவளுக்கு அப்போது புரியவில்லை. காது மந்தமாகிவிட்டது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள்.

மழை ஓய்ந்த சமயம், ஒருநாள் வேலை முடிந்து வந்து டீ போடப் போனாள். சர்க்கரை டப்பா திறக்கவில்லை. வழக்கம்போல முக்கி முனகினாள், பிறகு நிஜமாகவே முக்கினாள். ம்ஹூம். நகரவில்லை. "ஏங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே முன்னறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்திருந்தது. மாவு உருண்டை தரையில் உருண்டு கிடந்தது. அதில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. ஐந்தும் ஆழமாக.

டெய்லர்தான் மதில் ஏறிக் குதித்து ஓடி வந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். மகன் வந்தான், அழுதான், "என்கூட வந்துடும்மா" என்றான். "உன் வீட்டு டப்பாவெல்லாம் சுலபமா திறக்கும்டா, எனக்குச் சரிப்படாது" என்று சொல்லி அவனை அனுப்பினாள். பேச்சுக்குச் சொன்னாள். உண்மையில் அவளுக்கு அவளுடைய வேலை வேண்டும், அவளுடைய சோறு வேண்டும். அந்தச் சர்க்கரை டப்பாவைத் திறக்காமல் வைத்துக் கும்பிடுவாள் என்று நினைத்தால் அவளைத் தெரியாது என்று அர்த்தம். வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டுமே. கதவிடுக்கில் வைத்துத் திறந்தாள்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாளே சத்தம் மோசமாகிவிட்டது தெரிந்தது. ஸ்டியரிங் கையில் உதறியது. இனி இழுத்தடிக்க முடியாது. சக்கரம் கழன்றால் அடுப்பு மட்டும் இல்லை, ஆளும் அணைந்துவிடும். மதியம் நேராக ஸ்பேர் கடைக்குப் போனாள்.

"அதே ஆர்ம் இன்னொண்ணு வேணும்."

கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, தூசியைத் துடைத்து, மேசை மேல் வைத்தார்.

"இது உங்களுதுதாம்மா. ஐயா வாங்கி வெச்சுட்டுப் போனது."

"எந்த ஐயா?"

"உங்க வீட்டு ஐயாதான். மழை பெய்யும்போது ஒருநாள் ஆட்டோவுல வந்தாரு. தொப்பலா நனைஞ்சு, குச்சியை ஊணிக்கிட்டு. வீட்டுக்குக் கொண்டு போகல, இங்கேயே இருக்கட்டும்னாரு. 'அவளுக்குத் தெரிய வேணாம். என் கை கொஞ்சம் திரும்பிட்டு வருது. நானே மாட்டிடறேன்'னாரு."

அவள் பெட்டியைத் தொடவில்லை.

"அப்புறம் என்னை உக்கார வெச்சுக் கேட்டாரும்மா. 'அன்னிக்கு அவகிட்ட என்னமோ சொன்னியாமே, அதைத் திரும்பச் சொல்லு'ன்னு. சொன்னேன். சக்கரம் தொங்கும்போது முறுக்கினா ரப்பர் முறுகும் ஐயா, எடை விழுந்து ஆர்ம் தன்னோட இடத்துக்கு வந்ததுக்கு அப்புறம்தான் முறுக்கணும்னு. 'எடை விழுந்ததுக்கு அப்புறமா?'ன்னாரு. ஆமான்னேன். 'அதுக்குள்ள கழண்டுக்காதா?'ன்னாரு. கழண்டுக்காது, கையால திருகி விட்டா போதும், அது நிக்கும்னேன். 'நிக்குமா?'ன்னாரு மறுபடி. சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாரும்மா."

அவளுக்குக் கடைக்குள் அந்தக் குழாய்ப் பள்ளத்தையே வெட்டி வைத்த மாதிரி இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எந்த நட்டு என்று இந்தக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? ஆயுசில் யாரிடமும் எதையும் கேட்காத மனுஷன்.

பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கடைக்காரர் நீளப் பிடி வைத்த ஸ்பேனர் ஒன்றையும் கையில் கொடுத்து, "வேலை முடிஞ்சதும் குடுத்துடுங்க" என்றார்.

விடுமுறை நாளில் சாக்கு விரித்தாள். முக்காலி காலியாக இருந்தது. டெய்லர் வந்து அதில் உட்காரப் போனார்.

"அதுல உக்காராதே."

"சரி அண்ணி." தரையில் உட்கார்ந்துகொண்டார். "நான் என்ன செய்யணும்?"

"ஜாக்கியைப் பிடிச்சுக்கோ. வாயை மூடிக்கோ."

"ரெண்டும் சேத்தா? கஷ்டம்."

பழைய ஆர்மைக் கழற்றி வெளியே போட்டாள். ரப்பர் சுற்றிக் கிழிந்து, நார் நாராகத் தொங்கியது. டெய்லர் அதைக் கையில் எடுத்து, "தையல் விட்ட சட்டைக் கை மாதிரி இருக்கே" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

புதியதைப் பொருத்தினாள். மூட்டை அதன் இடத்தில் இறக்கி, அந்த போல்ட்டை நன்றாக முறுக்கினாள். அது இப்போதே முறுக்க வேண்டியது. உள்பக்கத்து இரண்டு நட்டுகளைக் கையால் திருகி மட்டும் விட்டாள். அப்படித் தளர்வாக விட்டுவிட்டுக் கையை எடுக்க அவளுக்கே மனசு வரவில்லை. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியதில் அந்த வியாதி அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும்" என்று யாரும் சொல்லவில்லை.

ஜாக்கியை மூட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். டெய்லர் மெல்ல மெல்ல ஏற்றினார். ஆர்ம் மேலே வந்தது. வண்டியின் முன்பக்கம் முனகியது. வண்டி ஸ்டாண்டிலிருந்து ஒரு மயிரிழை எழும்பியதும், "நிறுத்து" என்றாள். இப்போது எடை அதன் மேல் இருந்தது. படுத்துக்கொண்டு பார்த்தாள். தளர்ந்த நட்டுகள் அப்படியே நின்றன. ஒன்றும் பிய்த்துக்கொள்ளவில்லை.

"நிக்குதுங்க" என்றாள்.

"என்ன அண்ணி?"

"உன்னை இல்லை."

பிறகு முறுக்கினாள். போதுமான அளவுக்கு முறுக்கினாள், அதோடு நிறுத்தினாள்.

மறுநாள் விடியலில் வேகத்தடை ஒவ்வொன்றையும் அவள் ரேடியோ இல்லாமல் தாண்டினாள். சத்தமில்லை. அடுப்பு நேரத்துக்குப் பற்றியது. முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். மாவு வழித்த கையோடு ஒரு உருண்டையைத் தனியே எடுத்து வைத்தாள். பிறகு அதைத் திரும்ப மாவிலேயே போட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்பேர் கடையில் நிறுத்தி, நீளப் பிடி ஸ்பேனரைத் துடைத்துக் கொடுத்தாள்.

"எப்படிம்மா ஓடுது?"

"வாயைத் திறக்கல. நல்லா இருக்கு." கிளம்பப் போனவள் நின்றாள். "ஏம்பா, அவர் இதை வாங்கும்போது ரொம்ப அடிச்சுப் பேசியிருப்பாரே? நீ கேட்ட ரெண்டாயிரத்து எண்ணூறை அப்படியே குடுத்துட்டேன்னு என்னை எவ்வளவு பேச்சுப் பேசினார் தெரியுமா?"

"பேசவே இல்லம்மா. நீங்க வாங்கினதுக்கு அப்புறம் விலையும் ஏறிடுச்சு, அதைச் சொன்னேன். ஒரு பைசா குறைச்சுக் கேக்கல. 'அவகிட்ட மட்டும் சொல்லிடாதே'ன்னாரு, இடது கையாலேயே ஒவ்வொரு நோட்டா எண்ணி வெச்சாரு."

"எவ்வளவு வெச்சார்?"

"மூவாயிரத்து நூறு."